வெளிநாட்டுல பிள்ளைங்கள ஸ்கூலுக்கு விட கார் வேணுமா, சைக்கிள் போதுமா? எங்க வீட்டு ரெண்டு வருஷக் கணக்கு



"ஏங்கண்ணு, இத்தன படிச்சு, ஏரோப்ளேன் ஏறிப் போயி, அங்கயும் சைக்கிள்தானா?"

ஈரோட்டுல இருந்து எங்கம்மா வீடியோ கால்ல கேட்ட கேள்வி இது. அன்னைக்கு நல்ல மழை. மகள் நீல கலர் மழைக் கோட்டோட, ஹேண்டில்பாரைப் பிடிச்சுக்கிட்டு, ஸ்கூல் வாசல்ல நின்ன போட்டோவை அனுப்பியிருந்தேன். பெருமையா அனுப்பினது. அம்மாவுக்கு அது வேற மாதிரி தெரிஞ்சிருக்கு. பேத்தி நனையறா, பையன் காசைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கான், அவ்வளவுதான்.

நெதர்லாந்துக்கு வேலைக்கு வர்ற நம்ம ஆளுங்க பல பேருக்கு இந்தக் கேள்வி வரும். அம்மா கேக்கலன்னா மாமனார் கேப்பாரு. யாருமே கேக்கலன்னாலும் நமக்குள்ளயே கேக்கும். நம்ம ஊர்ல சைக்கிள்ங்கறது பிளஸ் ஒன்ல கவர்மெண்ட் குடுக்கறது. வேலை கிடைச்சதும் பைக், கல்யாணம் ஆனதும் கார். அந்த வரிசையில பின்னால போறது மனசுக்கு ஒப்பாது. அதனாலயே வந்து ரெண்டாவது மாசம் நான் ஒரு பழைய காருக்கு அட்வான்ஸ் குடுக்கற வரைக்கும் போயிட்டேன். குடுக்கல. ஏன் குடுக்கல, குடுக்காததால எவ்வளவு மிச்சம், எவ்வளவு கையைக் கடிச்சது, எல்லாத்தையும் இந்தப் பதிவுல வெளிப்படையா எழுதறேன். நான் வரி ஆலோசகர் இல்ல. இது எங்க வீட்டுக் கணக்கு. உங்க வீட்டுக்கு நீங்க போட்டுப் பார்க்கணும்.

நாங்க இருக்கறது ஐந்தோவன். ரெண்டு வருஷம் முன்னாடி வந்தப்ப மகளுக்கு 8 வயசு, மகனுக்கு 4. இங்க 4 வயசுலயே பள்ளியில சேத்துக்குவாங்க, 5 வயசுல இருந்து கட்டாயம். சாதாரண டச்சுப் பள்ளிக்குக் கட்டணம் கிடையாது. பெற்றோர் விருப்பப்பட்டுக் குடுக்கற ஒரு சின்னத் தொகை மட்டும் உண்டு. ஆனா நம்ம ஊர் மாதிரி வீட்டு வாசல்ல மஞ்சள் வேன் வந்து ஹார்ன் அடிக்காது. கொண்டுபோய் விடறது உங்க பொறுப்பு.

சிக்கல் எங்க வந்துச்சுன்னா, மகனுக்குத் தெருமுனைப் பள்ளியிலயே இடம் கிடைச்சிடுச்சு, 900 மீட்டர். மகளுக்கு டச்சு தெரியாது. அப்படி வர்ற பிள்ளைங்களுக்கு முதல் வருஷம் மொழிக்குன்னே தனி வகுப்பு இருக்கு. அது எல்லாப் பள்ளியிலயும் இருக்காது. எங்களுக்குக் கிடைச்சது நேர் எதிர்த் திசையில, 3 கிலோமீட்டர் தள்ளி. ரெண்டு இடத்துலயும் காலையில 8:30க்கு மணி. எனக்கு ஆபீஸ் 9 மணிக்கு.

என் மனைவிக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. கோயம்புத்தூர்ல ஸ்கூட்டியில பறந்தவங்க, ஆனா சைக்கிள் கத்துக்கவே இல்ல. அதனால முதல் ஒரு மாசம் அவங்க மகனோட நடந்தாங்க, நான் மகளோட பஸ். பஸ் ஒரு நிமிஷம் தப்பினா மகளுக்கு லேட், எனக்கும் லேட். அந்த மாசக் கடைசியிலதான் கார் பேச்சு வந்துச்சு.

சரி, கார் என்ன விலைன்னு பாப்போம். விலையை மட்டும் பாக்கறதுதான் நாம வழக்கமா செய்யற தப்பு. 9,000 யூரோவுக்கு ஒரு எட்டு வருஷப் பழைய சின்ன பெட்ரோல் கார் பார்த்து வெச்சிருந்தேன். நான் நோட்டுல எழுதினது இது: இன்சூரன்ஸ் மாசம் 85 (இந்த நாட்டுல விபத்தில்லாம ஓட்டின வருஷங்கள் நம்ம பேர்ல இருக்காது, அதனால புதுசா வர்றவங்களுக்கு அதிகம்), சாலை வரி 45, பெட்ரோல் 75, சர்வீஸ், டயர், வருஷாந்திரப் பரிசோதனை எல்லாம் சேர்த்து 50, வண்டியோட மதிப்பு தேயறதுக்கு 95. கூட்டினா மாசம் 350 யூரோ. வருஷத்துக்கு 4,200. கடன் வட்டியை இன்னும் சேர்க்கவே இல்ல. யானையைக் கட்டித் தீனி போடறதுன்னு சொல்லுவாங்களே, அதான்.

இதுல இன்னொண்ணு ஒளிஞ்சிருக்கு. இந்திய லைசென்ஸை வெச்சு இங்க ஊராட்சியில பதிஞ்ச பிறகு 185 நாள்தான் ஓட்டலாம். அதுக்கப்புறம் டச்சு லைசென்ஸ் வேணும். 30% வரிச் சலுகை கிடைச்சவங்களும் அவங்க குடும்பமும் இந்திய லைசென்ஸைக் குடுத்து மாத்திக்கலாம். அந்தச் சலுகை இல்லாதவங்க எழுத்துத் தேர்வு, ஓட்டுநர் வகுப்பு, செய்முறைத் தேர்வுன்னு முதல்ல இருந்து வரணும். அது சுலபமா 2,000 யூரோவைத் தாண்டும். காருக்கு அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி உங்க கையில எந்தக் காகிதம் இருக்குன்னு பாருங்க.

அந்த 350ஐப் பார்த்ததும் என் மனைவி சொன்னாங்க, "என்னங்க, நான் சைக்கிள் கத்துக்கறேன்." அப்ப அவங்களுக்கு 34 வயசு.

இங்க பல ஊர்கள்ல வெளிநாட்டுல இருந்து வந்த பெண்களுக்குன்னே தன்னார்வலர்கள் சைக்கிள் கத்துக் குடுக்கறாங்க. ரொம்பக் குறைஞ்ச கட்டணம். சிரியா, மொராக்கோன்னு பல நாட்டுப் பெண்கள், எல்லாருக்கும் அதே பயம். முதல் நாள் பெடலைக் கழட்டிட்டு, காலால தரையை உந்தி உந்திப் போகச் சொல்லியிருக்காங்க. நம்ம ஊர்ல வாடகை சைக்கிள்ல குரங்குப் பெடல் அடிச்சு, முட்டி தேஞ்சு கத்துக்கிட்ட எனக்கு அதைப் பார்க்க ஆச்சரியமா இருந்துச்சு. ஏழு வாரம் ஆச்சு. எட்டாவது வாரம் மகனைப் பின்னாடி சீட்டுல கட்டி, அந்த 900 மீட்டரை முதல் தடவை ஓட்டினாங்க. நான் பின்னாலயே இன்னொரு சைக்கிள்ல, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு. அவன் மட்டும் பின் சீட்டுல உக்காந்து பாடிக்கிட்டே போனான்.

ரோடு எப்படி? பிள்ளைங்களை விடலாமா?

நியாயமான பயம். நானும் பயந்தேன். ஆனா இந்த நாடு எப்பவும் இப்படி இருந்ததில்ல. 1971ல இங்க சாலை விபத்துல 3,000 பேருக்கு மேல செத்திருக்காங்க, அதுல 400க்கும் மேல குழந்தைங்க. 'குழந்தைக் கொலையை நிறுத்து'ங்கற பேர்லயே பெற்றோர்கள் இயக்கம் ஆரம்பிச்சுத் தெருவுல உக்காந்தாங்க. 1973ல எண்ணெய் நெருக்கடி வந்து, ஞாயித்துக்கிழமைகள்ல கார் ஓட்டவே தடை போட்டாங்க. அதுக்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமா போட்டதுதான் இன்னைக்கு நாம பாக்கற சிவப்பு சைக்கிள் பாதைகள். மக்கள் தொகை சுமார் 1.8 கோடி, சைக்கிள் சுமார் 2.3 கோடி. எங்க ஊர் எல்லையில சைக்கிளுக்குன்னே அந்தரத்துல தொங்கற ஒரு ரவுண்டானா இருக்கு, ஹோவன்ரிங், 2012ல திறந்தது. கீழ கார், மேல நாம.

சட்டமும் நம்ம பக்கம் கொஞ்சம் சாயும். மோட்டார் வண்டி 14 வயசுக்குக் கீழ இருக்கற ஒரு பிள்ளையோட சைக்கிள்ல மோதினா, தப்பு பிள்ளை மேல இருந்தாலும், நஷ்ட ஈடு அநேகமா முழுசா வண்டிக்காரர் பொறுப்புதான். இது தெரிஞ்சதாலயோ என்னவோ, பிள்ளைங்களைப் பார்த்தா பெரும்பாலான டிரைவர்கள் தானா வேகத்தைக் குறைக்கறாங்க.

அதுக்காக கண்ணை மூடிக்கிட்டு ஓட்ட முடியாது. மகளுக்கு நான் கத்துக் குடுத்த முதல் விஷயம், தரையில வெள்ளையா முக்கோணம் முக்கோணமா வரைஞ்சிருப்பாங்க, 'சுறாப் பல்'னு பேரு. முனை உன்னைப் பார்த்து இருந்தா நீ நிக்கணும். ரெண்டாவது, எந்தக் குறியும் இல்லாத சந்திப்புல வலது பக்கம் இருந்து வர்றவங்களுக்கு வழி. நம்ம ஊர்ப் பழக்கத்துல எவன் பெருசோ அவன் முதல்ல. அதை மறக்கறதுக்கு அவளை விட எனக்குத்தான் அதிக நாள் ஆச்சு. அப்புறம் பிரேக். இங்க நிறைய சைக்கிள்ல கையில பிரேக் இருக்காது, பெடலைப் பின்னாடி மிதிச்சாத்தான் நிக்கும். கடையில ஓட்டிப் பாக்கும்போது நான் கையால காத்தைப் பிடிச்சுட்டு நேரா ஒரு பூந்தொட்டியில போய் நின்னேன். கடைக்காரர் சிரிக்கல, பழகிப்போச்சு போல.

10, 11 வயசுல பள்ளியிலயே போக்குவரத்துத் தேர்வு வைக்கறாங்க, எழுத்தும் உண்டு, ரோட்டுல ஓட்டிக் காட்டறதும் உண்டு. 12 வயசுல மேல்நிலைப் பள்ளிக்கு மாறும்போது, 7, 8 கிலோமீட்டரைக் கூட்டமாப் பேசிக்கிட்டே தனியாப் போயிடுவாங்க. அதுக்கான தயாரிப்பு அது.

மழையை விடக் காத்துதான் எதிரி. ஊர் தட்டையா இருக்குன்னு சந்தோஷப்பட்டா, எதிர்க்காத்து அடிக்கும்போது நாக்குத் தள்ளும். மழைக்கு ஒரு ஆப் இருக்கு, அடுத்த ரெண்டு மணி நேரத்துல எப்ப பெய்யும்னு படம் போட்டுக் காட்டும். பத்து நிமிஷம் முன்னப் பின்னக் கிளம்பினாலே பாதி நாள் நனையாம தப்பிச்சிடலாம். மீதி நாளைக்கு மழைக்கோட்டு, மழைப் பேண்ட். ரெண்டும் வேணும், கோட்டு மட்டும் போட்டா தொடை நனைஞ்சு, அன்னைக்குப் பூரா ஈரம்தான்.

எங்க காசு போச்சு

மிச்சம் புடிச்சதை மட்டும் சொல்ற வீடியோக்கள் நிறைய இருக்கு. நான் விட்டதையும் சொல்றேன்.

என் முதல் சைக்கிள் 175 யூரோ, பழசு. அஞ்சாவது வாரம் ரயில் நிலையத்துப் பக்கம் காணாமப் போச்சு. பின் சக்கரத்துல இருக்கற வளையப் பூட்டை மட்டும் போட்டுட்டுப் போயிருந்தேன். அப்படியே தூக்கி வேன்ல வெச்சுட்டுப் போயிருப்பாங்க. கம்பியோட சேர்த்து ஒரு சங்கிலிப் பூட்டும் போட்டிருந்தா நடந்திருக்காது. அந்தப் பூட்டு 45 யூரோன்னு கடையில வேண்டாம்னு வெச்சவனும் நான்தான். இன்னொரு விஷயம், பல ரயில் நிலையங்கள்ல காவல் இருக்கற சைக்கிள் நிறுத்தத்துல முதல் 24 மணி நேரம் இலவசம். அது தெரியாமத்தான் வெளிய நிறுத்தியிருந்தேன்.

அந்தக் கோவத்துல இருந்தப்ப தெருவுல ஒருத்தர் "30 யூரோ, நல்ல சைக்கிள்"னு காட்டினார். ஆசை வந்துச்சு. வாங்காதீங்க. நம்ப முடியாத விலையில வாங்கினா, திருட்டுப் பொருள் வாங்கின குத்தம் உங்க மேல வரும். நம்ம மாதிரி அனுமதியில தங்கியிருக்கறவங்களுக்கு இது 30 யூரோ விஷயம் இல்ல. பழசு வாங்கறதுன்னா ரசீது குடுக்கற கடையில வாங்குங்க, இல்ல ஆன்லைன்ல வாங்கினா பிரேம்ல இருக்கற நம்பரைத் திருட்டுப் பட்டியல்ல சரிபாருங்க. இலவசம்தான், ரெண்டு நிமிஷ வேலை.

இப்ப முக்கியமானது. போன வருஷம் அக்டோபர், எங்க தெருவுலயே. மகள் கையை நீட்டித் திரும்பப் போனவ, தடுமாறி, நின்னுக்கிட்டு இருந்த ஒரு கார் மேல சாஞ்சிட்டா. ஹேண்டில்பார் முனை கதவு நீளத்துக்கு ஒரு கோடு இழுத்திடுச்சு. அவளுக்கு ஒண்ணும் ஆகல. ஆனா வீட்டுக்குள்ள வந்து, "அப்பா, நாம இந்தியாவுக்குத் திரும்பப் போகணுமா?"னு கேட்டா. எங்கயோ யாரோ பெரியவங்க பேசினதைக் கேட்டு, தப்பு பண்ணினா அனுப்பிடுவாங்கன்னு நினைச்சிருக்கா. நானும் அவளும் போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, நடந்ததைச் சொன்னோம். அவர் கதவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், "உனக்கு அடிபட்டுச்சா?"ன்னுதான் முதல்ல கேட்டார். அப்புறம் என்கிட்ட, "உங்களுக்குப் பொறுப்புக் காப்பீடு இருக்குல்ல?"

இருந்துச்சு. ஆபீஸ்ல ஒரு சீனியர் வற்புறுத்தி எடுக்க வெச்சது. குடும்பத்துக்கே மாசம் 6 யூரோ. நாமளோ பிள்ளைங்களோ தெரியாம அடுத்தவங்க பொருளுக்குச் சேதம் பண்ணினா அது குடுக்கும். 14 வயசுக்குக் கீழ பிள்ளைங்க பண்ற சேதத்துக்கு இங்க பெற்றோர்தான் பொறுப்பு. பெயிண்ட் பில் 640 யூரோ வந்துச்சு. காப்பீட்டு நிறுவனம் முழுசாக் குடுத்துச்சு. இது கட்டாயக் காப்பீடு இல்ல, அதனால நம்ம ஆளுங்க நிறையப் பேர் எடுக்கறதில்ல. சைக்கிள் வாங்கின அன்னைக்கே எடுத்துடுங்க.

அதுக்கப்புறம் ரெண்டு வாரம் அவ சைக்கிளைத் தொடல. தினமும் என் கேரியர்ல டபுள்ஸ். நான் ஒண்ணும் சொல்லல. ஒரு வெள்ளிக்கிழமை அவளோட தோழி வாசல்ல வந்து பெல் அடிச்சா, இவ ஷூ கூட சரியாப் போடாம ஓடினா.

போலீஸ் அபராதம் எதுவும் கட்டல. ஆனா தெரிஞ்சுக்கோங்க: சைக்கிள் ஓட்டிக்கிட்டே கையில போன் வெச்சிருக்கறது 2019 ஜூலையில இருந்து தடை, அபராதம் 150 யூரோவுக்கு மேல. இருட்டுல முன்னாடி வெள்ளை, பின்னாடி சிவப்பு லைட் கட்டாயம். குளிர்காலத்துல பள்ளிக்குப் போற நேரமே இருட்டுதான்.

இப்ப மொத்தக் கணக்கு

முதல் வருஷம்: என் சைக்கிள் 175, அது திருடு போனதால இன்னொண்ணு 160, மனைவிக்குப் பழைய எலக்ட்ரிக் சைக்கிள் 1,150, மகளுக்கு 90, மகனுக்குப் பின் சீட்டு 45, பூட்டுகள் 140, மழைத் துணிகள் 120, ரிப்பேர், லைட் 130, காப்பீடு 72. கூட்டினா 2,082. ரெண்டாவது வருஷம் ரிப்பேர், மகளுக்குப் பெரிய சைஸ் மாத்தினது, காப்பீடு எல்லாம் சேர்த்து 280. பஸ், ரயில், வருஷத்துல ரெண்டு தடவை வாடகைக் கார், வருஷத்துக்கு 600.

காருக்கு ரெண்டு வருஷம் 8,400. எங்களுக்கு ஆனது 3,562. வித்தியாசம் 4,838 யூரோ.

இங்கயே நிறுத்தினா தலைப்புக்கு நல்லா இருக்கும், ஆனா கணக்கு பொய். ஏன்னா வீடு பார்க்கும்போது எங்களுக்கு ரெண்டு இடம் இருந்துச்சு. ஒண்ணு இப்ப இருக்கற வீடு. இன்னொண்ணு 11 கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமத்துல, வாடகை மாசம் 90 யூரோ கம்மி, கொஞ்சம் பெருசும் கூட. அங்க போயிருந்தா எங்க சூழ்நிலைக்குக் கார் இல்லாம முடியாது. அப்ப பள்ளிப் பக்கத்துல இருக்கறதுக்கு நாங்க குடுக்கற விலை ரெண்டு வருஷத்துக்கு 2,160. அதைக் கழிச்சா உண்மையான மிச்சம் 2,678 யூரோ. ஒரு யூரோவை 90 ரூபாய்னு வெச்சா 2,41,020 ரூபாய். அதுல பெரும் பகுதி ஈரோட்டு வீட்டுக் கடன் அசல்ல போச்சு. மூணாவது வருஷத்துல இருந்து சைக்கிள் வாங்கற செலவு இல்லாததால வருஷத்துக்கு 2,200 சொச்சம் நிக்கும்.

அந்த 90ங்கற எண்ணைக் கவனிங்க. வாடகை வித்தியாசம் மாசம் 200க்கு மேல போயிருந்தா, ரெண்டு வருஷத்துல எங்களுக்குக் கிட்டத்தட்ட ஒண்ணும் மிஞ்சியிருக்காது. அப்ப முடிவை வேற காரணங்களை வெச்சு எடுத்திருப்போம். சைக்கிள்ல மிச்சம் புடிக்கறது சைக்கிள் கடையில முடிவாகறதில்ல, வீட்டு வாடகை ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடற அன்னைக்கே முடிவாயிடுது.

வேலை பண்றவங்களுக்கு ரெண்டு விஷயம். 2024ல இருந்து, ஆபீஸ் போக வர கிலோமீட்டருக்கு 0.23 யூரோ வரை முதலாளி வரியில்லாமக் குடுக்கலாம். கார் ஓட்டறவங்களுக்கு மட்டும்னு நிறையப் பேர் நினைக்கறாங்க. சொந்த சைக்கிளுக்கும் உண்டு. குடுத்தே ஆகணும்னு இல்ல, கேட்டுப் பாருங்க. எனக்குப் போக வர 10 கிலோமீட்டர், நாளைக்கு 2.30. கார்க்காரருக்கு அது பெட்ரோல்ல கரையும், எனக்குக் கையில நிக்கும். இதை மேல கணக்குல சேர்க்கல.

ரெண்டாவது, ஆபீஸ் மூலமா சைக்கிள் எடுக்கற திட்டம். 2,000 யூரோ சைக்கிள்னா அதுல 7%, அதாவது 140 யூரோ, வருஷத்துக்கு உங்க வருமானத்தோட சேரும். அதுக்கு வரி சுமார் 50 யூரோ. சொந்த வேலைக்கும் பள்ளிக்கும் ஓட்டலாம். ஆனா அந்தச் சைக்கிள்ல போற தூரத்துக்கு 0.23 வரியில்லாம வாங்க முடியாது, வேலை மாறினா சைக்கிளை என்ன பண்றதுன்னு ஒப்பந்தத்துல பாக்கணும். ஒரு வருஷத்துல ஊர் திரும்பிடுவோம்னு இருக்கறவங்க இதுல மாட்டிக்காதீங்க.

முன்னாடி பெட்டி வெச்ச சைக்கிள், ரெண்டு மூணு பிள்ளைங்களை உக்கார வெச்சுப் போவாங்களே, அது எலக்ட்ரிக்கா புதுசு வாங்கினா 5,000 யூரோ சாதாரணம். ரெண்டு பிள்ளைங்களும் 5 வயசுக்குக் கீழன்னா யோசிக்கலாம். எங்களுக்குத் தேவைப்படல.

அம்மா போன கோடையில வந்து போனாங்க. முதல் வாரம் ஒண்ணும் பேசல. அப்புறம் ஒரு நாள் காலையில ஜன்னல்ல நின்னு, எதிர் வீட்டுப் பாட்டி கூடையில காய்கறியோட சைக்கிள்ல வர்றதைப் பார்த்துட்டு, "அந்தம்மாவுக்கு என்ன வயசிருக்கும்?"னு கேட்டாங்க. எழுபத்தஞ்சு இருக்கும்மா. "ம்ம்"னு சொல்லிட்டுப் பேத்தியோட மழைக்கோட்டை எடுத்து மடிச்சு வெச்சாங்க.

இப்ப மகளுக்கு 10 வயசு, வழக்கமான பள்ளிக்கு மாறிட்டா, தம்பியோட சேர்ந்து அதே 900 மீட்டர். அவன் தனியா ஒரு குட்டி சைக்கிள்ல, அம்மா ரோட்டுப் பக்கமா. அடுத்து மேல்நிலைப் பள்ளி வரும், நாங்க பார்த்து வெச்சிருக்கறது 7 கிலோமீட்டர். கியர் சைக்கிள் கேக்கறா. புதுசு 500, பழசு 220. பேச்சுவார்த்தை நடந்துக்கிட்டு இருக்கு.

வீடு பாக்கற கட்டத்துல யாராவது இருந்தீங்கன்னா, ரெண்டு வீட்டு வாடகை, பள்ளிக்கு எத்தனை கிலோமீட்டர், பிள்ளைங்க வயசு, இந்த மூணையும் கமெண்ட்ல போடுங்க. ஜெர்மனி, டென்மார்க்ல இருக்கறவங்களும் போடலாம், அங்க கார் இன்சூரன்ஸ் மாசம் எவ்வளவுன்னு சேர்த்து எழுதுங்க. அடுத்த வீடியோவுல ரெண்டு மூணை எடுத்து நேரடியாக் கணக்குப் போட்டுப் பாக்கலாம்.